நிறுத்தி வைத்த வண்டியில் எலி குடியேறாமல் காப்பது எப்படி?

பிசான அறுவடை முடிந்து மாசி, பங்குனி மாதங்களில் கொட்டகைக்குள் போகும் டிராக்டரும் பவர் டில்லரும் மறுபடி வெளியே வருவது கார் சாகுபடிக்குத் தொளி அடிக்கும் போதுதான். தென்காசி வட்டாரத்தில் இந்த இடைவெளி இரண்டு மாதம். சில ஆண்டுகளில் மூன்று மாதமும் ஆகிவிடுவதுண்டு. குற்றால மலையில் சாரல் பிடித்து, சிற்றாற்றில் தண்ணீர் ஓடி, அடவிநயினார், குண்டாறு அணைகளில் மதகு திறந்ததும் இலஞ்சி, வல்லம், பண்பொழி, செங்கோட்டை என்று எல்லா ஊர்களிலும் ஒரே வாரத்தில் உழவு தொடங்கிவிடுகிறது. அந்தக் காலை வேளையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் மூச்சு விடுவதில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால் செல்ப் மோட்டாருக்குப் போகும் வயர் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கோலும் சாக்கு நாருமாக ஒரு கூடு.

வயரின் விலை பெரிதல்ல. அந்த ஒரு வாரத்தில் மெக்கானிக் கிடைப்பது அரிது என்பதுதான் விஷயம். எல்லோருக்கும் அவசரமான நேரம் அது. முறைத் தண்ணீர் கடந்து போகும். நாற்றங்காலில் நாற்றுக்கு வயது கூடிக்கொண்டே இருக்கும். குறுகிய கால ரகங்களில் நாற்று முற்றிவிட்டால் நட்ட பிறகு தூர் கட்டுவது குறையும். ஆகவே எலி கடித்த வயர் கடைசியில் களத்தில் நெல்லாகக் குறைகிறது.

மோட்டார் காரும் இதே கணக்கில் சேர வேண்டியதுதான். தென்காசி, கடையநல்லூர் பக்கத்தில் வளைகுடா நாடுகளிலோ மும்பை, சென்னையிலோ வேலை செய்பவர்கள் ஊருக்கு வரும்போது ஓட்டிவிட்டு, மாதக்கணக்கில் காரை உறவினர் வீட்டுத் தொழுவோரத்தில் நிறுத்திச் செல்வது வழக்கம். இக்காலத்துக் காரில் டிராக்டரை விட வயர் பல மடங்கு அதிகம். ஒரு மெல்லிய வயர் அறுந்தாலும் வண்டி கிளம்பாது. எந்த வயர் என்று கண்டுபிடிப்பதே பெரிய வேலையாகிவிடும். கீழே கூறப்படும் முறைகள் இரண்டுக்கும் பொருந்தும்.

எலி தேடி வருவது வயரை அல்ல

வயருக்குள் எலிக்கு உணவு எதுவும் இல்லை. எலி தேடி வருவது இருட்டும், ஈரமில்லாத மூலையும், பூனையும் ஆந்தையும் நுழைய முடியாத பொந்தும். பானெட்டுக்குக் கீழே உள்ள இடம் இவை மூன்றும் அமைந்த இடம். முதலில் கூடு கட்டுகிறது; கூட்டில் இருந்துகொண்டு கைக்கெட்டிய வயரையும் ரப்பர் குழாயையும் கடிக்கிறது. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. கொறித்துத் தேய்க்காவிட்டால் ஆண்டுக்கு நான்கு, ஐந்து அங்குலம் வரை வளர்ந்து வாயையே மூட முடியாமல் செய்துவிடும். வயரின் மேலுறை மென்மையும் உறுதியும் சேர்ந்தது. பல்லுக்கு ஏற்ற பொருள். சோயா மொச்சையிலிருந்து எடுக்கும் பொருளை வயர் உறையில் சேர்ப்பதால்தான் எலிகள் கடிக்கின்றன என்று கூறி 2016-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கார் உரிமையாளர்கள் சிலர் கார் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது உண்டு. ஆனால் சோயா சேராத பழைய காலத்து வயர்களையும் எலி கடித்தே வந்திருக்கிறது.

எலிகள் வண்டிக்கு வரும் காலம் எது என்பதை விவசாயி அறிந்திருப்பது நல்லது. நெல் பால் பிடித்ததிலிருந்து அறுவடை வரை கரம்பை எலியும் புல் எலியும் வரப்பு வளைகளில் செழிப்பாக வாழ்கின்றன. கரம்பை எலி கதிரை வெட்டி வளைக்குள் சேமித்தும் வைக்கும். சினையான எலி மூன்று வாரத்தில் குட்டி போடும். போட்ட ஓரிரு நாட்களில் மறுபடி சினையாகும். ஆகவே அறுவடை நேரத்தில்தான் எலிகளின் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும். கதிர் அறுத்து வயல் வெறுந்தரையானதும் அவற்றுக்கு உணவும் இல்லை, மறைவும் இல்லை. வைக்கோல் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அவையும் போகின்றன. வைக்கோற்படப்பு, தொழு, அதை அடுத்து வண்டிக் கொட்டகை என்பதே அவற்றின் பாதை. அதே வாரத்தில்தான் டிராக்டரும் கொட்டகைக்குள் போய் நிற்கிறது. இரண்டாவது வருகை ஆனி மாதத்தில். சாரலில் வரப்பு வளைகளில் தண்ணீர் இறங்கியதும் எலிகள் மேடு தேடி ஏறுகின்றன. 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெய்தது போன்ற பெருமழையிலும் இதுதான் நடக்கும். இவை தவிர ஓட்டுக் கூரையிலும் தென்னங்கொண்டையிலும் வசிக்கும் வீட்டு எலிக்குப் பருவம் எதுவும் கிடையாது.

எனவே வேலை தொடங்க வேண்டியது வயர் அறுந்த பிறகல்ல, அறுவடை முடிந்த அந்த வாரத்திலேயே.

நிறுத்துவதற்கு முன்

எலியை வண்டிக்கு அழைப்பது பெரும்பாலும் வண்டியில் ஒட்டியிருக்கும் தானியம்தான். கதிரடிக்கும் வேலைக்குப் போய் வந்த டிராக்டரில் இருக்கைக்குக் கீழும், மட்கார்டு இடுக்கிலும், ரேடியேட்டர் வலையிலும் நெல்லும் தூசியும் அடைந்து கிடக்கும். முதலில் எஞ்சின் நன்றாக ஆறிய பின் ஈரத் துணியால் துடைத்து, இடுக்குகளைக் குச்சியால் கிளறி எடுத்துவிட்டு, பிறகு தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். ஆல்டர்னேட்டர், செல்ப் மோட்டார், வயர் இணைப்புகள் இவற்றின் மீது நேராகத் தண்ணீர் பீய்ச்சக் கூடாது. கழுவிய பின் ஒரு நாள் வெயிலில் நிறுத்தி உலர விடுவது அவசியம். ஈரத்தோடு தார்ப்பாய் போட்டு மூடினால் எலி கெடுக்காததைத் துரு கெடுத்துவிடும்.

கருவிப் பெட்டியில் எண்ணெய்த் துணி, பழைய சாக்கு, விதைப் பொட்டலம், பாதி தின்ற கடலை மிட்டாய் இவற்றை விட்டுவைப்பது எங்கும் காணப்படும் பழக்கம். எண்ணெய்த் துணி எலிக்கு மெத்தை. காரில் இருக்கைக்குக் கீழும், கால்மிதிக்குக் கீழும், குழந்தைகள் அமரும் பக்கத்திலும் விழுந்து கிடக்கும் முறுக்குத் துண்டே போதும், எலி வாரக்கணக்கில் தங்குவதற்கு. குற்றாலத்துக்கு வந்து போன காரென்றால் சிப்ஸ் துணுக்கு இல்லாமல் இராது. பஞ்சு வைத்த தலையணை, துண்டு, காகிதக் கைக்குட்டைப் பெட்டி அனைத்தையும் வெளியே எடுத்துவிட வேண்டும்.

டீசல் டேங்க்கை நிரப்பி வைப்பது நல்லது. காலி டேங்கில் சாரல் காலத்து ஈரம் நீர்த்துளியாகப் படிந்து டீசலோடு கலக்கும். இது எலி விஷயமல்ல என்றாலும் வண்டியை நிறுத்தும் நாளில் செய்ய வேண்டிய வேலை.

பேட்டரி இணைப்பைக் கழற்றி வைப்பது எல்லாவற்றிலும் முக்கியம். கழற்றும்போது முதலில் மைனஸ் முனை, பிறகு பிளஸ் முனை. மாட்டும்போது முதலில் பிளஸ், பிறகு மைனஸ். பேட்டரி இணைந்திருக்கும்போது எலி உறையைக் கடித்து வயர் இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். அதே எலி டீசல் குழாயையும் கடித்திருந்தால் கொட்டகையே எரிந்து போகலாம். பக்கத்தில் வைக்கோற்படப்பு இருந்தால் கேட்கவே வேண்டாம். கழற்றிய பேட்டரியை வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் வைத்து மாதம் ஒரு முறை சார்ஜ் ஏற்றி வந்தால் அதன் ஆயுளும் கூடும். புதிய மாதிரிக் கார்களில் பேட்டரியைக் கழற்றினால் பூட்டு, ரேடியோ முதலியவற்றை மறுபடி சரி செய்ய வேண்டி வரலாம்; ஆகவே கார் சொந்தக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

எங்கே நிறுத்துவது?

வைக்கோற்படப்பின் நிழலில் வண்டியை நிறுத்துவது, எலிக்கு வண்டியைத் தானமாகக் கொடுப்பதற்குச் சமம். படப்புக்கும் கொட்டகைக்கும் இடையே இருபது அடியாவது வெறுந்தரை இருக்க வேண்டும். திறந்த வெளியைக் கடப்பதற்கு எலி அஞ்சும்; ஆந்தையும் பூனையும் அங்கேதான் அதைப் பிடிக்கின்றன. கொட்டகையைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குப் புல் பூண்டு செதுக்கி விட வேண்டும். விறகுக் கட்டு, தென்னை மட்டை, கிழிந்த சாக்கு, உடைந்த ஓடு இவற்றைச் சுவரோரம் குவித்து வைப்பதும் எலிக்கு வழி அமைத்துக் கொடுப்பதுதான். எலி சுவரை மீசையால் உரசிக்கொண்டே ஓடும் பழக்கமுடையது. எனவே வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தாமல் நான்கு புறமும் ஆள் நடந்து வரும்படி நடுவில் நிறுத்த வேண்டும்.

இந்தப் பக்கத்தில் தென்னை இல்லாத தோட்டம் இல்லை. கொட்டகைக் கூரையைத் தொடும் தென்னோலை வீட்டு எலிக்குப் பாலம். அந்த மட்டைகளை வெட்டிவிட்டு, மரத்தில் ஆறடி உயரத்தில் ஒன்றரை அடி அகலத் தகரப் பட்டையைச் சுற்றி அடித்துவிட்டால் எலி மேலே ஏற முடியாமல் நகம் வழுக்கிக் கீழே வரும். தேங்காய்க்கும் அதனால் காவல். கொட்டகையின் மரக் கால்களுக்கும் இதே போல், தரையிலிருந்து மூன்றடிக்கு மேல் தகரம் அடிக்கலாம்.

பென்சில் நுழையும் துவாரம் சுண்டெலிக்கு வாசல். பெருவிரல் நுழையும் துவாரம் எலிக்கு வாசல். இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டு கொட்டகைச் சுவரையும் கதவின் அடியையும் பார்த்தால் எத்தனை வாசல் என்பது தெரியும். சுவர்த் துவாரங்களைக் கண்ணாடிச் சில்லு கலந்த சிமெண்டால் அடைக்க வேண்டும். வெறும் மண்ணும் துணியும் ஓரிரவு தாங்காது. மரக் கதவின் அடியில் தகரம் அடித்து, தரையோடு இடைவெளி இல்லாமல் செய்ய வேண்டும்.

இயந்திரத்திலும் அடைக்க வேண்டிய வாய்கள் உண்டு. மேல்நோக்கி நிற்கும் சைலன்சர் குழாயின் மேல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து வைக்கலாம். மழை நீருக்கும் இது தடுப்பு. ஏர் கிளீனரின் வாயில் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையைச் சுற்றிக் கட்ட வேண்டும். துணியைக் கட்டினால் எலி அதையே கூட்டுக்குக் கொண்டு போகும். காரில் முன் கண்ணாடியின் அடியில் வெளிக் காற்று உள்ளே செல்லும் வழி இருக்கிறது. எலி ஏர்கண்டிஷனருக்குள் நுழைவது அவ்வழியாகத்தான். அங்கும் வலை வைக்கலாம். இவ்வாறு அடைத்தவற்றை மறந்து எஞ்சினை ஓட்டிவிடாமல் இருக்க, அடைத்த இடங்களை ஒரு அட்டையில் எழுதி ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணியோடு கட்டித் தொங்கவிடுவது நல்ல பழக்கம்.

தார்ப்பாய் விஷயத்தில் பலர் தவறு செய்கிறார்கள். வண்டி முழுவதையும் தரை வரை மூடிக் கல்லும் வைத்துவிட்டால் உள்ளே இருட்டும் கதகதப்பும் உண்டாகிறது. எலிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? மூடிய கொட்டகையாக இருந்தால் தார்ப்பாயே வேண்டாம். பானெட்டைத் திறந்து நிறுத்தி வைத்துவிட வேண்டும். வெளிச்சமும் காற்றும் புகும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்குச் சாரலுக்காக மூடத்தான் வேண்டுமென்றால், தார்ப்பாயின் விளிம்பு தரையிலிருந்து இரண்டடி மேலேயே நிற்கும்படி கட்டலாம்.

பத்து நாளுக்கு ஒரு முறை

செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. பத்து நாள், பதினைந்து நாளுக்கு ஒரு முறை பேட்டரியை மாட்டி, எஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வந்து வேறு இடத்தில் நிறுத்துவதுதான் அது. எலி கூடு கட்டத் தொடங்கியிருந்தாலும் அதிர்ச்சியில் இடம் மாறிவிடும். கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துத்தான் எஞ்சினை ஓட்ட வேண்டும். மூடிய இடத்தில் புகை உயிருக்கே ஆபத்து. ஓட்டுவதற்கு முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டி, டார்ச் அடித்துப் பார்த்த பின்பே கையை உள்ளே விட வேண்டும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும்.

பொறியும் விஷமும்

மேற்கண்டவற்றைச் செய்தும் புழுக்கை தென்பட்டால் பொறி வைக்க வேண்டும். எலிக்குப் புதுப் பொருளைக் கண்டால் அச்சம். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் பொறியை விசை ஏற்றாமல், சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ வைத்து எலியைப் பழக விட்டு, பிறகு எல்லாப் பொறிகளையும் ஒரே இரவில் விசையேற்ற வேண்டும். ஒரு பொறியை ஒரு மாதம் வைப்பதைவிட ஆறு பொறியை மூன்று இரவு வைப்பது பலன் தரும். பொறியின் இரை உள்ள பக்கம் சுவரைத் தொடும்படி குறுக்காக வைக்க வேண்டும். கொட்டகையைச் சுற்றியுள்ள வரப்புகளில் தஞ்சாவூர் கிட்டிகளை மாலையில் ஊன்றி வைக்கலாம். மூங்கிலால் செய்த இந்தப் பொறியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது.

விஷத்தை வண்டிக்குள் வைப்பது வீண் வேலை. விஷம் தின்ற எலி வயர்க் கட்டுக்குப் பின்னால் போய்ச் செத்தால், நாற்றத்துக்காகவே பாதி எஞ்சினைப் பிரிக்க வேண்டி வரும். வைப்பதானால் கொட்டகைக்கு வெளியே, வளைக்கருகில், குழந்தையும் கோழியும் நாயும் எட்டாதபடி ஒரு குழாய்த் துண்டுக்குள்ளோ, ஓட்டை போட்ட சிரட்டைக்கு அடியிலோ வைக்க வேண்டும். 0.005 சதம் புரோமடியோலோன் கலந்த கட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. இதைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாட்களில் உள்ளே இரத்தம் கசிந்து சாகும். செத்த எலிகளைத் தேடி எடுத்து ஆழமாகப் புதைக்காவிட்டால் பூனையும் ஆந்தையும் அவற்றைத் தின்று சாகக் கூடும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைத் தமிழ்நாட்டில் விற்கத் தடை உள்ளது. பழைய டியூப் வீட்டில் எஞ்சியிருந்தால் அதைப் பயன்படுத்தவும் கூடாது, குழந்தைகள் கையில் படும்படி வைக்கவும் கூடாது.

புகையிலை, பாச்சை உருண்டை, பினாயில் ஆகியவற்றைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். வாசனை காரமாக இருக்கும் சில நாட்களுக்கு எலி ஒதுங்கும். சாரல் காற்றில் வாசனை போனதும் திரும்பி வரும். பாச்சை உருண்டையின் ஆவி மூடிய காருக்குள் மனிதனுக்கும் கெடுதல். எலிக்கு மட்டும் கேட்கும் ஒலி எழுப்பி விரட்டும் கருவி என்று விற்கப்படுபவற்றைப் பொறுத்தவரை, அவற்றைத் தயாரிப்போரும் விற்போருமாக அறுபதுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2001-ஆம் ஆண்டிலேயே, ஆதாரமின்றி விளம்பரம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்தப் பணத்துக்குக் கம்பி வலை வாங்கலாம். ஹோண்டா கார் கம்பெனி மிளகாய்க் காரம் ஏற்றிய நாடா ஒன்றை வயர்களில் சுற்றுவதற்கென்று விற்கிறது. அது ஓரளவு ஏற்கத்தக்க யோசனைதான். ஆனால் எல்லா வயரையும் சுற்றிவிட முடியாது.

கூலி கேட்காத காவல்காரர்களும் இருக்கிறார்கள். ஆந்தை இரவில் வந்து அமர்வதற்குக் கொட்டகையை அடுத்த வயலில் ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு மூன்று இடங்களில் குறுக்குச் சட்டம் அடித்த கம்புகளை நட்டு வைக்கலாம். ஆந்தை அலறினால் ஆகாது என்று கல்லெறிவோர் இன்னும் உண்டு. எலி கூடியதும் அவர்கள்தான் முதலில் குறைபடுகிறார்கள். சாரைப் பாம்பும் எலியைத் தின்று வாழ்வதே. விஷமில்லாத அதை அடித்துக் கொல்வதில் நன்மை எதுவும் இல்லை.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல டிராக்டர்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருக்கிறது. எலி கடித்த சேதத்துக்கு அதில் ஒரு பைசாவும் கிடைக்காது. சொந்த வண்டிச் சேதத்தையும் ஈடுகட்டும் விரிவான காப்பீடு இருந்தாலும், எலி கடித்த சேதம் அதில் அடங்குமா என்று புதுப்பிக்கும்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கூட்டை அகற்றும்போது

எலிக்கூட்டை வெறுங்கையால் அள்ளி எறிவது ஆபத்து. எலியின் சிறுநீரில் உள்ள கிருமி கையிலுள்ள சிறு கீறல் வழியாகவும் உடலில் புகுந்து எலிக் காய்ச்சலை உண்டாக்கும். சேற்றில் வேலை செய்து கால் வெடித்திருப்பவர்களுக்கு இந்த அபாயம் மேலும் அதிகம். கூட்டின் மீது கிருமிநாசினி கலந்த தண்ணீரைத் தெளித்து நனையவிட்டு, கையுறையோ தடித்த பாலிதீன் பையோ அணிந்து எடுத்து எரித்துவிட வேண்டும். உலர்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கிப் புழுதி கிளப்பக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசல் இரும்பை அரிக்கும்; அதைத் தரைக்கு மட்டும் பயன்படுத்தலாம். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சல், கடுமையான தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு தோன்றினால் உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று, எலிக்கூட்டை அள்ளிய விவரத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் இது எளிதில் குணமாகும் நோய்.

ஆனி பிறந்து வண்டியை வெளியே எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே பார்வையிடத் தொடங்கினால், கடிபட்ட வயர் ஏதும் இருந்தாலும் மாற்றுவதற்கு நேரம் கிடைக்கும். வயரை விரலால் தடவிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத கடியும் அகப்படும். டீசல் குழாயின் அடியில் ஈரம் உள்ளதா என்றும், பேன் பெல்ட் கொறிபட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும். ஏர் கிளீனரைத் திறந்து உள்ளே கூடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கம்பி வலையையும் சைலன்சர் மேலுள்ள டப்பாவையும் அகற்ற வேண்டும். ஸ்டீயரிங்கில் கட்டிய அட்டையில் எழுதியவை எல்லாம் எடுத்தாகிவிட்டனவா என்று ஒரு முறை படித்துப் பார்த்து, பேட்டரியை மாட்டி, அதன் பிறகே சாவியைத் திருப்ப வேண்டும்.